நாயுள்ள வீட்டில் நினைவுநூல்: எழுதுபவரின் அன்றாட ஒழுங்கு

ஒருவர் தம் வாழ்க்கை முழுவதையும் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்வது தன்வரலாறு என்றும், அந்த வாழ்க்கையில் ஒரு காலத்தையோ ஒரு தொழிலையோ ஒரு தெருவையோ மட்டும் எடுத்துக்கொண்டு தாம் கண்டதையும் கேட்டதையும் சொல்வது நினைவுநூல் என்றும் இங்கே குறிக்கப்படுகின்றன. இரண்டையும் எழுதுவோருக்குப் பொதுவான இடர், எழுதச் சொல்லி நெருக்குபவர் எவரும் வெளியில் இல்லை என்பதே ஆகும். பணி ஓய்வுக்குப் பின் எழுத உட்காருபவருக்கு நேரம் மிகுதியாக இருப்பதே தடையாகிவிடுகிறது. காலையில் எழுதலாம் என்றது மாலைக்கும், மாலையில் என்றது மறுநாளைக்கும் தள்ளிப்போய், சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் முன்னுரை மட்டும் பலமுறை திருத்தப்பட்டுக் கிடக்கும். வீட்டில் நாய் வளர்ப்பவருக்கு இந்தத் தள்ளிப்போடும் வசதி கிடையாது. வெளியே போகும் வேளை, உண்ணும் வேளை, உறங்கும் வேளை ஆகியவற்றை நாய் மறப்பதில்லை, எழுதுபவரையும் மறக்க விடுவதில்லை. ஆகவே நாயின் தேவைகளை எழுத்துக்கு இடையூறாகக் கருதி அவற்றின் இடுக்குகளில் எழுத முயல்வதைவிட, அந்த வேளைகளையே எழுத்தின் வேளைகளாக ஏற்று நாளை அமைத்துக்கொள்வது நன்று என்பதே இவ்வியலின் நிலைப்பாடு.

இவ்வியலின் எடுத்துக்காட்டுகள் வடசென்னையின் தண்டையார்பேட்டையையும் அதை ஒட்டிய ராயபுரம், கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளையும் சார்ந்தவை. எழுத்துக் கையேடுகள் பெரும்பாலும் தோட்டமும் தனி எழுத்தறையும் உள்ள வீட்டை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன; சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும், வாசலைத் திறந்தால் தெருவும், இரவெல்லாம் துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகளின் ஓசையும் உள்ள வடசென்னைக்கு அவற்றின் அறிவுரை அப்படியே பொருந்துவதில்லை.

விடியற்கால நடை

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து எழுத வேண்டும் என்பது எழுத்தாளர்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. இப்பகுதியின் பல தெருக்களில் அது தண்ணீர் பிடிக்கும் நேரம் ஆதலால், குடமும் பக்கெட்டும் நகரும் வீட்டில் எழுத்து நடக்காது. நாயும் அந்தச் சந்தடியில் விழித்துக்கொண்டு வாசற்கதவருகே போய் நின்றுவிடும். எனவே முதல் வேலை நடையாகவே இருக்கட்டும். சென்னையில் மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடுவதால், கோடையில் ஐந்து மணிக்குப் புறப்பட்டு ஆறரைக்குள் திரும்பிவிட வேண்டும். நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் மட்டும் சிறிது வியர்க்கும், எஞ்சிய வெப்பத்தை அது நாக்கை நீட்டி இரைத்தே வெளியேற்றுகிறது. கடற்காற்றில் ஈரம் நிறைந்த நாள்களில் நாக்கின் ஈரம் சரியாக ஆவியாவதில்லை என்பதால், வெயில் ஏறிய பிறகு நடத்தினால், பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் குறிப்பாக, மயங்கி விழக்கூடும். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் அந்தச் சாலையில் நாயை நடத்தக் கூடாது என்பது எளிய அளவுகோல்.

வழியைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு நோக்கங்கள் உள்ளன. நாயின் பாதுகாப்புக்காக எண்ணூர் விரைவுச்சாலையையும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையையும் தவிர்த்து உட்தெருக்களில் செல்ல வேண்டும் என்பது ஒன்று. நூலின் பொருளுக்காக எப்போதும் ஒரே வழியில் செல்லாமல், வாரத்துக்கு ஒரு வழி என வைத்துக்கொண்டு பழைய இடங்களைத் தொட்டுச் செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதே இங்கு விரிவாகச் சொல்லத்தக்கது. நாய் ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஒவ்வொரு திண்ணை மூலையிலும் நின்று முகரும். அவசரப்பட்டுச் சங்கிலியை இழுப்பவருக்கு நடைப்பயிற்சி கிடைக்கலாம், குறிப்பு கிடைக்காது. அது நிற்கும் அரை நிமிடத்தில் எதிரில் இருப்பது என்ன, முன்பு அங்கே இருந்தது என்ன என்று பார்ப்பதே எழுதுபவரின் வேலை. 1967இல் திறக்கப்பட்டு 2020இல் மூடப்பட்ட அகஸ்தியா திரையரங்கின் பக்கம் நாய் நின்றால், அங்கே பார்த்த படத்தின் பெயரைவிட, உடன் வந்தவர் யார், டிக்கெட்டுக்குக் காசு யார் கொடுத்தார், இடைவேளையில் என்ன தின்றது என்பவை நினைவுக்கு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரி 14 அன்று தண்டையார்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை நீண்டதற்கு முன், அந்த நிலத்தடி நிலையத்தின் வாயில்கள் உள்ள இடத்தில் எந்தக் கடை இருந்தது என்று கேட்டால், அத்தெருவிலேயே பிறந்தவர்களும் தயங்குகிறார்கள். சில ஆண்டு மறதியே இவ்வளவு என்றால் நாற்பது ஆண்டு மறதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கையில் சங்கிலி இருப்பதால் நடையின்போது எழுத முடியாது. கைபேசியில் குரலைப் பதிவுசெய்து கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. இடம், பொருள், ஆள் என மூன்றைச் சொல்லி, நான்காவதாக அப்போது காதில் விழுந்த பேச்சு ஒன்றைச் சொன்னால் போதும். அந்த இடத்திலேயே அழகான வாக்கியம் அமைக்க முயன்றால் நினைவு நின்றுவிடும், நாயும் பொறுமை இழக்கும்.

தெருநாய்களைப் பற்றி ஒரு சொல். வளர்ப்பு நாயோடு செல்பவரைத் தெருநாய்கள் சூழ்வது இயல்பு. ஓடுவதும் கல்லெடுப்பதும் அதைச் சண்டையாக்கும். டீக்கடைகளில் கண்ணாடிப் புட்டியில் வைத்திருக்கும் பொறையை இரண்டு வாங்கித் தொலைவில் போட்டுவிட்டு, சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு நேராக நடந்துவிடுவதே இப்பகுதியில் பலரும் கைக்கொள்ளும் வழி. காது நுனியில் வெட்டுக்குறி உள்ள தெருநாய் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து திரும்ப விடப்பட்டது என்று பொருள். இந்தக் கருத்தடைத் திட்டத்தைச் சென்னையில் 1960களிலேயே தொடங்கிய அமைப்பு புளூ கிராஸ். அதற்கு முன்னும் அதற்குப் பின் நெடுங்காலமும் மாநகராட்சி வண்டி தெருநாய்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவந்தது. நாய்வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய்த் தங்கள் நாயைக் கட்டிலுக்கடியில் ஒளித்த காட்சி, அறுபது வயதைத் தாண்டிய வடசென்னைக்காரர் பலரிடம் இன்னும் இருக்கிறது. அது எழுதப்பட வேண்டிய காட்சி.

எழுதும் இரண்டு மணி நேரம்

நடை முடிந்து, கால்களைத் துடைத்து, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்து, உணவு வைத்த பிறகு வளர்ந்த நாய் உறங்கப்போகும். நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை உறக்கத்திலும் ஓய்விலும் கழிக்கும் விலங்கு அது. காலை உணவுக்குப் பிந்திய உறக்கம் நம்பத்தக்கது. ஏழரை முதல் ஒன்பதரை வரையிலான அந்த நேரமே எழுதும் நேரம். வீட்டில் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்புவோர் இருந்தால் ஒன்பதரைக்குத் தொடங்கலாம், ஆனால் உணவுக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்ச்சி அறுபடக் கூடாது. நாய் படுத்ததும் எழுதுபவர் உட்கார வேண்டும். செய்தித்தாள் அதற்குப் பிறகு. குட்டி நாய்க்கு இந்த ஒழுங்கு பொருந்தாது, இரண்டு மூன்று மணிக்கொரு முறை அதை வெளியே விட வேண்டியிருக்கும் என்பதால், நூல் தொடங்கும் மாதத்திலேயே குட்டி வாங்குவது விவேகமன்று.

எழுதும் இடம் நாய்க்குத் தெரியும்படியும் எட்டாதபடியும் இருக்க வேண்டும். தனி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் நாய் கதவைப் பிறாண்டும்; காலடியில் ஒரு சாக்கோ பழைய போர்வையோ விரித்துவிட்டால் அங்கேயே படுத்துக்கொள்ளும். தாள்கள் மட்டும் அதன் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1936இல் எழுதிக்கொண்டிருந்த ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ கைப்பிரதியில் ஏறத்தாழ பாதியை டோபி என்ற அவரது குட்டி நாய் கிழித்துப் போட்டுவிட்டது. வேறு படி இல்லாததால் இரண்டு மாத வேலையை அவர் மீண்டும் செய்ய நேர்ந்தது. ஒவ்வொரு நாளும் எழுதிய பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளும் இக்காலத்தவருக்கு அந்த இழப்பு நேர வேண்டியதில்லை. தண்டையார்பேட்டையில் தாளுக்கு நாயைவிடப் பெரிய பகை உப்புக்காற்று: ஸ்டேப்ளர் பின்னும் குண்டூசியும் ஓரிரு ஆண்டில் துருவேறி, அந்தத் துரு தாளைச் சுற்றிலும் அரித்துப் பழுப்பு வளையமாகி, கடைசியில் முனையோடு பிய்ந்து வரும். பள்ளிச் சான்றிதழ், சங்க அட்டை, பழைய கடிதம் போன்றவற்றில் உள்ள பின்களை முதல் வேலையாக எடுத்துவிட்டு, பருத்தி நூலால் கட்டி, பரணில் அல்லாமல் மூடியுள்ள பெட்டியில் வைக்க வேண்டும்.

எவ்வளவு எழுத வேண்டும் என்பதில் நாள் கணக்கைவிட வாரக் கணக்கு நல்லது. தமிழின் மிகப் புகழ்பெற்ற தன்வரலாறு அவ்வாறே எழுதப்பட்டது. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ என்ற தொடரை 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்து வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. 1942 ஏப்ரலில் அவர் மறையும் வரை வாரந்தோறும் ஓர் அத்தியாயமாக 122 அத்தியாயங்கள் வந்தன. நூல் முற்றுப்பெறவில்லை, ஆயினும் அந்த வயதில் அவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்ததற்குக் காரணம் நினைவாற்றல் மட்டுமன்று. தமக்கு வந்த கடிதங்களையும் குறிப்புகளையும் அவர் ஆண்டாண்டாகப் பாதுகாத்து வைத்திருந்தார். வாரம் ஓர் அத்தியாயம் என்றால் ஐந்து நாள் எழுதி, ஆறாம் நாள் திருத்தி, ஏழாம் நாளை நாயைக் குளிப்பாட்டவும் உண்ணி எடுக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் காலத்திலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு உளவியல் ஒரு விடை தருகிறது. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவை மற்ற எந்தக் காலத்தையும்விட அதிகமாக வெளிவருகின்றன. இதை நினைவு மேடு எனலாம். முதல் வேலை, முதல் சம்பளம், திருமணம், குடிபெயர்வு எல்லாம் அந்தக் காலத்தில் நிகழ்வதே இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. ஆகவே பிறப்பிலிருந்து தொடங்கித் தடுமாறுவதைவிட, பதினெட்டு வயதில் காசிமேட்டிலோ ஆலை வாயிலிலோ நின்ற நாளிலிருந்து தொடங்குவது எளிது. ‘பிறந்தேன், வளர்ந்தேன்’ என்ற முதல் அத்தியாயத்தைக் கடைசியில் எழுதியவர்கள் கெட்டுப்போனதில்லை.

நண்பகல்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உச்சிவெயிலில் மனிதரும் நாயும் உறங்குவதே முறை. உணவைப் பற்றி மட்டும் சில சொற்கள். வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும், வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் நஞ்சு. ஆகவே மீந்த குழம்பைச் சோற்றில் பிசைந்து போடும் வழக்கத்தை விட்டுவிட்டு, முள் நீக்கிய சங்கராவையோ காரப்பொடியையோ உப்பின்றி வேகவைத்துச் சோற்றோடு தரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் மீன் வரத்து குறைந்து விலை ஏறும். அப்போது கருவாட்டைப் போடலாம் என்று நினைக்கக் கூடாது, அதிலுள்ள உப்பு நாய்க்கு ஆகாது.

பிற்பகலும் சான்றும்

நாய் அசைய விரும்பாத பிற்பகல், எழுதியதைச் சரிபார்க்கும் வேளை. நினைவு என்பது வைத்தது வைத்தபடி கிடைக்கும் பொருளன்று. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கத் தொல்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு பலமுறை சொல்லச் சொன்னார். அவர்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகள் கழன்றுபோய்ப் பழக்கமானவை உள்ளே புகுந்ததை 1932இல் வெளியிட்ட நூலில் காட்டினார். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அடிக்கடி சொல்லப்பட்ட கதை, சொல்லச் சொல்ல வழவழப்பாகிவிடுகிறது. நினைவுநூல் எழுதுவோர் ஐயுற வேண்டியது மங்கலான நினைவையன்று, குடும்பத்தில் எல்லோரும் ஒரே சொற்களில் சொல்லும் நினைவையே.

இதற்கு இவ்வூரின் பெயர்க்கதையே சான்று. தொண்டியிலிருந்து வந்து இங்கே தங்கிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபுவை மக்கள் ‘தொண்டியார்’ என்று அழைத்ததால் தொண்டியார்பேட்டை என்றாகி, அது தண்டையார்பேட்டை ஆயிற்று என்பது இப்பகுதியில் ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் செய்தி. மஸ்தான் பிறந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்; எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தண்டையார்பேட்டையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது 1693இல். ஞானி பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன்பே ஊர்ப்பெயர் ஆவணத்தில் இருந்தது என்றால், பெயர் அவரால் வந்திருக்க முடியாது. அதற்காக அக்கதையை நூலிலிருந்து எடுத்துவிட வேண்டியதில்லை. ‘பாட்டி இவ்வாறு சொன்னார்’ என்று அவர் வாயில் வைத்து, ஆண்டுக்கணக்கைப் பக்கத்தில் குறித்தால் இரண்டும் காப்பாற்றப்படும்.

மாறாக, மிகைபோலத் தோன்றும் நினைவு மெய்யாக இருப்பதும் உண்டு. ராயபுரம் பக்கத்துப் பெரியவர்கள் கடற்கரை முன்பு வெகு அகலமாக இருந்தது, வலை உலர்த்திய மணலும் வீடுகளும் கடலுக்குள் போய்விட்டன என்று சொல்வதை இளையோர் நம்புவதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது; 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்து அந்த ஓட்டத்தை மறித்தபின், தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டது. இன்று கரையோரம் கொட்டப்பட்டுள்ள கருங்கற்கள் அதன் விளைவே. அதுபோலவே, மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் கரி படியும் என்ற நினைவும் மெய். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2011இல் நிறுத்தப்படும் வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளப்பட்டது.

ஆண்டுகளைப் பிடிப்பதற்கு நாய் வளர்த்த குடும்பங்களுக்கு மட்டும் கிடைக்கும் கருவி ஒன்று உண்டு. ‘ஜிம்மி குட்டி போட்ட வருஷம்தான் அக்காவுக்குக் கல்யாணம்’, ‘மணி செத்தப்போ நாம லைன் வீட்டுல இருந்தோம்’ என்ற பேச்சு அவ்வீடுகளில் இயல்பு. நாயின் ஆயுள் பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு ஆண்டு என்பதால், வீட்டில் அடுத்தடுத்து வளர்ந்த நாய்களின் பெயரை வரிசையாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது இருந்தபோது நடந்த பிறப்பு, இறப்பு, வேலை, குடிபெயர்வு ஆகியவற்றைக் குறித்தால் காலத்தின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். பிறகு எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24, ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26, 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற எவரும் மறக்காத நாள்களில் வீட்டில் எந்த நாய் இருந்தது என்று கேட்டால், அந்த எலும்புக்கூடு ஆண்டுகளோடு பொருந்தி நிற்கும். குடும்பத்தாரிடம் ‘எந்த வருஷம்’ என்று கேட்டால் கிடைக்காத விடை, ‘அப்போ எந்த நாய்’ என்று கேட்டால் கிடைக்கும்.

வீட்டுச் சான்று போதாதபோது எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. மாதத்தில் ஒரு நாளை அதற்கென ஒதுக்கி, அன்று நாயைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஆலைப் பகுதிகளைப் பற்றி எழுதுவோர் திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 1944இல் வெளிவந்த அந்நூலில், 1918 ஏப்ரலில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தையும் பின்னி ஆலைப் போராட்டங்களையும் உள்ளிருந்து கண்டவரின் பதிவு இருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பிறர் எழுதிய கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், ஆனால் அதன் வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவர் இறந்தபின் அவர் வாரிசுகளுக்கும் உரியது. முழுதாக அச்சிட ஒப்புதல் வேண்டும். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் குற்றம். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அது பொருந்தும். பழைய கங்காணியையும் பங்காளியையும் பழிதீர்க்க நினைவுநூல் ஏற்ற இடமன்று. அந்த அத்தியாயங்கள் எப்போதும் மோசமாகவே எழுதப்படுகின்றன.

ஒழுங்கு குலையும் நாள்கள்

மேற்சொன்ன வேளைகள் ஆண்டு முழுவதும் நிற்பதில்லை. ஆடி மாதத்தில் தெருக்கோடி அம்மன் கோயிலின் ஒலிபெருக்கியும், எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய சாவு மேளமும் அதோடு வெடிக்கும் சரவெடியும், தீபாவளி வாரமும் நாயை நிலைகுலையச் செய்யும். மனிதர் கேளாத உயர்ந்த ஒலிகளையும் கேட்கும் காது அது. அந்த நேரங்களில் உள்ளறையில் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, நாயின் பக்கத்தில் உட்காருவதே வேலை. அதட்டுவது அச்சத்தைக் கூட்டும். எழுத முடியாது, ஆனால் எழுதி முடித்த பக்கங்களைப் படித்துத் திருத்தலாம்.

வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தேங்கும் நீரில் எலிச் சிறுநீர் கலப்பதால் நாய்க்கும் மனிதருக்கும் எலிக்காய்ச்சல் வரக்கூடும். அக்டோபருக்கு முன் அதற்கான தடுப்பூசியைப் போட்டுவிட்டு, மழைநாள் நடையை மாடிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உண்ணிக்காய்ச்சல் சென்னையில் ஆண்டு முழுவதும் உண்டு. நாய் உண்ணாமல் சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் அன்றைய அத்தியாயத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இப்பகுதியிலிருந்து எளிதில் அடையத்தக்கது. வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாத வயதிலும் பின் ஆண்டுதோறும் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் ஊசி தொடங்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைப்பது உயிருக்கு உலை வைக்கும். வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் 2025 இறுதியிலிருந்து கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம்.

எந்த நாயை வளர்ப்பது என்பதிலும் இடத்துக்கேற்ற முடிவு தேவை. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகியவை ஓடவும் வேட்டையாடவும் உருவானவை, சு.தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாயினங்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் இவற்றின் வரலாற்றை விரிவாகத் தருகிறது. பெருமைக்காக அவற்றைக் கொண்டுவந்து பத்துக்குப் பத்து அறையில் கட்டிப்போடுவது கொடுமை. தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி இந்த வெயிலுக்கும் இந்த உணவுக்கும் பழகியது. நினைவுநூல் எழுதுபவருக்கு அதுவே ஏற்றது.

நாயை எழுதுவது

நாளெல்லாம் உடனிருக்கும் நாய் நூலுக்குள்ளும் நுழையும். ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.அக்கர்லி லண்டனில் குடியிருந்த சிறிய வீட்டில் தம்மோடு வாழ்ந்த அல்சேஷன் நாயைப் பற்றி 1956இல் ‘மை டாக் டியூலிப்’ என்று தனி நூலே எழுதினார். தம் தந்தையின் மறைவாழ்வைப் பற்றிய நினைவுநூலை நெடுங்காலம் திருத்திக்கொண்டேயிருந்தார்; அது அவர் இறந்த மறு ஆண்டான 1968இல்தான் வெளிவந்தது. நாயைப் பற்றி எழுதுவது எளிது, தந்தையைப் பற்றி எழுதுவது கடினம் என்பதை இது காட்டுகிறது. கடினமான அத்தியாயம் வரும்போதெல்லாம் நாயின் குறும்புக்குத் தாவுவது இவ்வகை நூல்களில் காணப்படும் பொதுவான நழுவல். நாய் அந்தக் காலத்து வீட்டையும் மனிதரையும் காட்டும் இடத்தில் மட்டும் வரட்டும்: சம்பளம் நின்றுபோன ஆலைக் குடும்பத்தில் நாய்க்கு வைத்த சோற்றின் அளவு, வேலைநிறுத்தக் காலத்தைப் பற்றிய நான்கு பக்க விளக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

மாலை நடை காலையதைவிடக் குறுகியது. ஆறரைக்குப் பின் தார் ஆறியதும் தெருமுனை வரை போய்வந்தால் போதும். அந்த வேளையில் வாசலில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களிடம் அன்று காலை எழுதியதில் ஐயமான ஒன்றைக் கேட்கலாம். நாயோடு நிற்பவரிடம் அவர்கள் தயக்கமின்றிப் பேசுகிறார்கள், கையில் குறிப்பேட்டோடு போனால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள். இந்த வாய்ப்பு நெடுநாள் இருக்காது. பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டபோது முப்பது வயதாயிருந்த தொழிலாளிகளே இப்போது அறுபதைத் தொட்டுவிட்டார்கள், அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் எஞ்சியிருப்பவர் சிலரே. ஆகவே இந்நூலைப் படிப்பவர், முதல் அத்தியாயம் எழுதி முடியும் வரை காத்திராமல், இன்று மாலை நடையிலேயே அவர்களிடம் கேட்கத் தொடங்க வேண்டும்.